முளைகட்டிய போன்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பரிதிக்குப் புத்தியில் குறைவில்லை. பி.காம். முடித்தவன், அப்பா இல்லாத வீட்டில் குறுவையையும் சம்பாவையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்று பெண்டாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தி எங்கேயோ மேயப் போயிருந்தது.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஆடி பிறந்ததும் மாமனார் ரெத்தினம் வந்து, சீர்த்தட்டை வைத்துவிட்டு, மகள் ஜீவிதாவைக் கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று அந்தக் காலத்தில் யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டவர் பேரன் பேத்தி எடுத்தவராகத்தான் இருந்திருப்பார். புதுமாப்பிள்ளை எவனும் அப்படியொரு கணக்கைப் போட மாட்டான்.

ஆக, இருவருக்கும் நடுவே மிச்சமிருந்தது போன் ஒன்றுதான். ரெத்தினம் டீக்கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ஜீவிதா கூப்பிடுவாள். சரியாக அந்த நேரத்துக்குப் பரிதிக்கு வயலில் ஏதாவது வேலை வந்துவிடும்.

"ஆடிப்பெருக்குக்கு நாங்கள்லாம் ஆத்துக்குப் போறோம். நீங்களும் வாங்களேன், தற்செயலா வந்த மாதிரி" என்றாள் ஜீவிதா.

"அம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"எதுக்கெடுத்தாலும் அம்மாவத்தான் கேப்பீங்களா? கல்யாணமும் அப்படித்தானா?"

இந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருக்கலாம். பரிதிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஆமா. அம்மா சொன்னாங்கன்னுதான் ஒன்னையக் கட்டிக்கிட்டேன். போதுமா?" என்று சொல்லி, போனைக் கட் பண்ணி, மடியில் செருகினான். அந்தக் கோபம் ஆறாமலே மண்வெட்டியை எடுத்துக் குனிந்து மடையை வெட்டினான். போன் மடியிலிருந்து நழுவி, அவன் வெட்டிவிட்ட தண்ணீரிலேயே விழுந்து சேற்றில் புதைந்தது.

துழாவி எடுப்பதற்குள் அது அணைந்துவிட்டிருந்தது. அப்போதுதான் அவனுக்குத் தான் பேசிய பேச்சு காதில் விழுந்தது. சொல்லக் கூடாததைச் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் போனையும் அணைத்து வைத்துவிட்டான் என்றுதான் அவள் நினைப்பாள்.

நனைந்த போனை அரிசியில் போட வேண்டும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஆனால் அம்மா தனபாக்கியம் அரிசிப் பானை முன்னால் நின்றுகொண்டாள். "சேத்தோட அரிசியில வைக்கப் போறியா? சோறாக்கித் திங்கிற சாமான்டா அது."

பரிதி யோசித்தான். கொட்டகையில் சம்பாவுக்கான விதைநெல் முளைகட்டிக் கிடந்தது. ஊறவைத்து, தண்ணீர் வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். முளைவிடும் நெல் மூட்டைக்குள் கையை விட்டால் அடுப்பங்கரை போலச் சூடாக இருக்கும். அரிசி ஈரத்தை மட்டும்தான் இழுக்கும்; இது ஈரத்தையும் இழுக்கும், சூட்டையும் கொடுக்கும் என்று கணக்குப் பண்ணினான். நெல்லே நனைந்துதான் கிடக்கிறது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. படித்த பிள்ளை, சாக்கைப் பிரித்துப் போனை நடுவில் செருகிக் கட்டிவிட்டுப் படுக்கப் போனான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் நெல் அருமையாக முளைத்திருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு மணி பழுதில்லாமல். போனைச் சுற்றியும் முளைத்திருந்தது. பக்கவாட்டில் பவர் பட்டனுக்கும் உடம்புக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு நெல்மணி தன் வேரை விட்டுக்கொண்டு ஒட்டியிருந்தது. தனபாக்கியம் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாத்தங்கால்ல விட்ருடா. தையில அறுத்துக்கலாம்."

சார்ஜரில் செருகினான். இருண்ட திரையில் பேட்டரிப் படம் வந்து, பச்சையாக ஏறியது. உயிர் இருக்கிறது. ஆனால் அதை எழுப்புகிற பவர் பட்டன் சேற்றில் இறுகி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அழுத்தினாலும் அசையவில்லை. வீட்டுக்குள் ஆள் இருக்கிறது, தாழ்ப்பாள்தான் திறக்கவில்லை.

"என் போன்லதான் பேசேன்" என்றாள் தனபாக்கியம்.

அவள் போன் பழைய பட்டன் போன். காதோடு வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், தெருவே கேட்கும். அதில் இருந்ததும் சம்பந்தி நம்பர் மட்டும்தான். பெண்டாட்டி நம்பர் பரிதிக்கு மனப்பாடமில்லை. 'ஜீவி' என்று பெயர் போட்டு வைத்த அன்றைக்கே எண்ணை மறந்தாகிவிட்டது. நகக்கண் அளவு சிம் அந்தப் பழைய போனில் உட்காரவும் இல்லை. மாமனாரைக் கூப்பிட்டு, மகளிடம் கொடுக்கச் சொல்லி, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில், 'அம்மா சொன்னதுக்காக உன்னைக் கட்டிக்கவில்லை' என்று சொல்வதைவிடக் கல்லணைக் கால்வாயில் குதித்துவிடலாம்.

"வேண்டாம்மா. ஒன்னும் அவசரமில்ல" என்றான். தனபாக்கியம் அவன் முகத்தையே பார்த்தாள்.

ஒரத்தநாட்டுக்குப் பைக்கை விரட்டினான். போன் கடைக்காரர் பட்டனை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "பட்டனுக்குக் கீழ இருக்குற ஸ்ட்ரிப்ப மாத்தணும். சாமான் சென்னையிலேருந்து வரணும். குடுத்துட்டுப் போங்க, ஒரு வாரம் ஆவும்" என்றார். உள்ளே புதுப்பெண்டாட்டியின் படங்கள் எத்தனை இருக்கின்றன என்று பரிதிக்குத்தான் தெரியும். அவளுக்கே தெரியாமல் எடுத்தவையும் உண்டு. தூங்கும்போது, தலை துவட்டும்போது, வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கும்போது. இதைப் பிறத்தியார் கையில் ஒரு வாரம் கொடுப்பதாவது. போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

வைத்தியத்தை வீட்டிலேயே ஆரம்பித்தான். இறுகின தாழ்ப்பாளுக்கு எண்ணெய்தானே விடுவார்கள் என்று ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டான். எண்ணெயும் களிமண்ணும் குழைந்து, பட்டன் முன்னைவிட ஆழமாக உட்கார்ந்துகொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சாயங்காலம் ஜீவிதா கூப்பிடும் நேரம் வந்தது. செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போய் நின்றான். இந்நேரம் அவள் எத்தனை தடவை முயன்று பார்த்திருப்பாள், அழுதிருப்பாளோ என்று நினைக்க நினைக்க, பேசின வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, பெட்டகத்தின் மேல்தட்டில் கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் கண்ணில் பட்டது. எண்ணெய்ப் பிசுக்கைக் கையிலிருந்து எடுக்கிறது, பட்டனிலிருந்து எடுக்காதா? வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்தான். அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, இடுக்கில் ஒட்டியிருந்த வேரை முதலில் நெம்பி எடுத்தான். பிறகு பஞ்சைச் சானிடைசரில் தோய்த்துப் பட்டனைச் சுற்றி விட்டுவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தான். கறுப்பாக ஒரு கோடு ஒழுகியது. துடைத்தான், திரும்பவும் விட்டான். ஊக்கின் முனையால் பட்டனை மேல் கீழாக அசைத்து அசைத்துக் கொடுத்தான். அவசரப்பட்டால் காரியம் கெடும் என்று இப்போதுதான் உறைத்திருந்தது; ஒவ்வொரு தடவையும் ஊதி, ஆறவிட்டு, மறுபடி தொட்டான்.

தனபாக்கியம் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சு அறுவை பண்ற டாக்டர் கூட இம்புட்டுப் பாக்க மாட்டாரு" என்றாள்.

பட்டன் நிமிர்ந்தது. கட்டைவிரலை வைத்தான். 'டிக்' என்றது. அந்தச் சின்னச் சத்தத்தை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். அழுத்திப் பிடித்தான். திரையில் வெளிச்சம் வந்தது.

அதே நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முன்னால் ரெத்தினம், பின்னால் மடியில் ஒரு பையோடு ஜீவிதா. கண்கள் வீங்கியிருந்தன. பரிதி பதறி எழுந்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே போனை மடியில் செருகிக்கொண்டான்.

"வாங்க சம்மந்தி. வாடா தங்கம்" என்று தனபாக்கியம் எழுந்தாள்.

ரெத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாப்ள, போனு ஏன் எடுக்கல?"

"வாய்க்கால்ல விழுந்துடுச்சு மாமா. பவர் பட்டன் போயிடுச்சு."

"அதானே" என்று மகள் பக்கம் திரும்பினார். "நான் சொல்லலியா? ரெண்டு நாளா ஒரு வாய் திங்கல சம்மந்தி. ஆடியாவது ஒன்னாவது, என்னையக் கொண்டுபோயி விடுங்கன்னு ஒரே அழும்பு. இவ அம்மாவும் சேந்துக்கிட்டா. என்னால முடியல."

ஜீவிதா யாரையும் பார்க்காமல் நின்றாள். "நெசமாவே விழுந்ததா, இல்ல நீங்களே அணைச்சு வச்சீங்களா?" என்றாள், பரிதிக்கு மட்டும் கேட்கிற குரலில். அந்த வீட்டு வாசலில் ஒருவருக்கு மட்டும் கேட்கிற குரல் என்று ஒன்று கிடையாது. எல்லாருக்கும் கேட்டது.

பரிதி மாமனாரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். தனியாகச் சொல்ல நேரம் பார்த்தால் இவள் இப்படியே நின்று அழுவாள். வெட்கத்தை விட்டான்.

"அம்மா சொல்லித்தான் ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தேன். அது நெசம். பாத்த பொறவு அம்மாவே வேணாம்னு சொல்லியிருந்தாலும் ஒன்னையத்தான் கட்டியிருப்பேன். அன்னிக்குக் கோவத்துல பாதியத்தான் சொன்னேன்."

ரெத்தினம் வாசலில் நின்ற வேப்பமரத்தை முதன்முதலாகப் பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்தார். தனபாக்கியம், "நான் எங்கடா வேணாம்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜீவிதா பையைக் கீழே வைத்தாள்.

காபி வந்தது. ரெத்தினம் அரை டம்ளர் குடித்ததும் பெண்ணைப் பெற்றவராகத் திரும்பவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி சம்மந்தி. வந்தது வந்துட்டா. போனு சரியாவுற வரைக்கும் உங்ககூட இருக்கட்டும். சரியான அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்து அழச்சுட்டுப் போயிடுறேன். மிச்ச ஆடி எங்க வீட்டுலதான். மொறைன்னு ஒன்னு இருக்குல்ல."

"இருக்கு, இருக்கு" என்றாள் தனபாக்கியம்.

பரிதியின் மடிக்குள் ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று. அணைந்து கிடந்த நேரத்து மிஸ்டு கால்களும் செய்திகளும் வரிசை கட்டி வரத் தொடங்கியிருந்தன. கைலித் துணி வழியே நீல வெளிச்சம் லேசாகத் தெரிந்தது. ஜீவிதா அதைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று நகர்ந்து வந்து, அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமாப்பா?" என்றாள்.

"அது என்ன மாப்ள சத்தம், கொர்ருன்னு?" என்று ரெத்தினம் காதைச் சாய்த்தார்.

பதில் தனபாக்கியத்திடமிருந்து வந்தது. திரை எரிந்ததை எதிரில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவள் அவள். பட்டன் 'டிக்' என்றதையும் கேட்டவள்.

"அது வண்டுங்க சம்மந்தி. விதைநெல்லு மூட்டையப் பிரிச்சதுலேருந்து ஒரே வண்டு" என்றாள், முகத்தில் ஒரு கோடு மாறாமல். "அந்தப் போனு எங்க பொழைக்கப்போவுது? ஒரத்தநாட்டுக் கடைக்காரரே கைய விரிச்சுட்டாரு. சாமான் சென்னையிலேருந்து வரணுமாம். ஆவணி பொறந்துடும்."

ரெத்தினம் அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இருபது வருஷம் நெல் வியாபாரம் செய்தவர். வண்டுச் சத்தம் தெரியாதவர் இல்லை. "ஆவணியா" என்று சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தார். "அப்ப சரி. சாமான் இல்லாம என்ன பண்றது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

பரிதி கொல்லைப்பக்கம் போனான். போனை எடுத்தான். திரை நிறைய ஜீவி, ஜீவி, ஜீவி என்று இருந்தது. அனுப்பியவளே அடுப்பங்கரையில் அம்மாவோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது அதை இப்போது படித்து என்ன ஆகப்போகிறது? கட்டைவிரலால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். சொன்ன பேச்சு கேட்டு அழகாக வேலை செய்தது. போனை அணைத்து, மறுபடி விதைநெல் சாக்குப் பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனான்.