தேநீருக்குப் புதுத் தண்ணீர்

பஸ் ஒன்றே முக்காலுக்கு. அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமையில் ரக்பி ஊருக்கு வேறு பஸ் கிடையாது; அங்கிருந்துதான் லெஸ்டருக்குப் போக வேண்டும். காலையிலிருந்து நோரீன் இதை மூன்று முறை சொல்லியாகிவிட்டது. மூன்று முறையும் கணவன் லெனர்ட் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்பது முப்பத்தெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

போன டிசம்பரில் அவனுடைய அண்ணன் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, கால்வாயில் அவர்கள் குடியிருக்கும் படகுக்குத் திரும்பினால், வெந்நீர்த் தொட்டி உறைந்து பிளந்து, கட்டிலுக்கடியில் குளம் கட்டியிருந்தது. "நாலு நாள்ல என்ன ஆயிடும்" என்று தண்ணீரை வடிக்காமல் வந்த புண்ணியவான் லெனர்ட்தான். மறுநாள் நோரீனுக்கு அறுபதாவது பிறந்தநாள். லெஸ்டரில் இருக்கும் இரட்டைச் சகோதரி அவ்ரிலுக்கும்தான். இருவர் பேரும் எழுதிய கேக்கை அவ்ரில் தனியாக வெட்டினாள். இவள் முட்டிபோட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் வரைக்கும் அவ்ரில் போனில் "ம்", "சரி" தவிர ஒன்றும் பேசவில்லை. அது நோரீனுக்கு இன்னும் வலிக்கிறது. இந்த வருஷப் பிறந்தநாளுக்குப் படகே மூழ்கினாலும் வருகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

அதனால் லெனர்டை நம்பாமல் தண்ணீரை வடிக்கத் தானே இறங்கினாள். படகின் முன்பக்கத்துப் பெரிய தொட்டியிலிருந்து குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் சுவிட்சை அணைத்தாள். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டாள். கட்டிலுக்கடியில் புகுந்து, வெந்நீர்த் தொட்டியின் வடிகுழாயைத் திருகி, ஹோஸைப் படகின் அடித்தளத்துக்குள் விட்டாள். தேநீருக்கென்று ஒரு கேன் தண்ணீரை முன்பே பிடித்து அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்தாள். எதையும் விடவில்லை.

கால்வாய்க்கரையில் ஒருத்தர் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் போதும், யோசனை சொல்ல ஆள் வந்துவிடும். பக்கத்துப் படகு க்ளிஃபோர்ட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஷவரைக் கழட்டிக் கீழ போட்டீங்களா? எனக்கு அங்கதான் வெடிச்சுது."

"போட்டாச்சு."

"குழாயெல்லாம் தொறந்தே இருக்கணும், நோரீன்."

"தொறந்தேதான் இருக்கு. உங்க வாய் மாதிரி."

க்ளிஃபோர்ட் சிரித்தார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றேகால். வெந்நீர்த் தொட்டி காலி. நோரீன் கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் துணியில் துடைத்துக்கொண்டு கோட்டைப் போட்டாள். கடைசிப் பித்தானைப் போடும்போது அந்தச் சத்தம் கேட்டது. டுக்டுக்டுக்டுக். பம்ப் ஓடுகிறது.

சமையல் மேடைக்கு ஓடினாள். குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, ஒன்றை மட்டும் திறந்து, லெனர்ட் கெட்டிலை நிரப்பி முடித்திருந்தான்.

"என்ன பண்றே நீ?"

"க்ளிஃபோர்டுக்கு டீ. வந்த மனுஷனுக்கு ஒரு டீ கூடக் குடுக்கலேன்னா நல்லாவா இருக்கும்."

"கேன்ல தண்ணி வெச்சேனே."

"அது காலைல பிடிச்சது. தேங்கின தண்ணில டீ போட்டா செத்துப்போயிருக்கும். அப்பப் பிடிச்ச தண்ணிதான் சரி. உனக்கே தெரியும்."

லெனர்ட் சொல்வதும் வாஸ்தவம்தான் என்பதுபோல் க்ளிஃபோர்ட் தலையை அசைத்தார்.

அவள் சுவிட்சை அணைத்தாள். தாமதம். குழாய்களிலெல்லாம் மறுபடி தண்ணீர் ஏறிவிட்டது. தொட்டிக்குள் போய் ஹோஸ் வழியாகவும் கொட்டி, அடித்தளத்தில் சலசலவென்று ஓடியது. இன்று இரவு குளிர் மைனஸ் எட்டு டிகிரிக்குப் போகும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். மறுபடி எல்லாவற்றையும் வடித்து, கீழே தேங்கியதையும் இறைக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

லெனர்ட் மூன்று கோப்பைகளை மேஜையில் வைத்தான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஐயையோ," என்றான் மெதுவாக. "அடுத்த வாரம் போய்க்கலாமா? அவ்ரில் புரிஞ்சுப்பா."

நோரீன் ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"கட்டிலுக்கு அடியில, இடது பக்கம். நான் போறேன்."

"நான் மட்டும் இங்கயா? அவ்ரில்கிட்ட என்ன சொல்லுவே?"

"டீ குடிச்சிட்டிருக்கார்னு சொல்றேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையில் விடுவிடுவென்று நடந்தாள். பஸ் நின்றது, ஏறினாள், உட்கார்ந்தாள். அப்போதுதான் இன்னொரு கையில் கோப்பை இருப்பதைப் பார்த்தாள். கோபத்தில் எடுத்து வந்திருக்கிறாள். பாதித் தேநீர் வழியில் சிந்தியிருந்தது. மீதியைக் குடித்தாள்.

அருமையாக இருந்தது. அதை நினைக்க நினைக்கத்தான் லெனர்ட் மேல் இன்னும் ஆத்திரமாக வந்தது.