மாமன் இல்லாத காதுகுத்து

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய லயன் வீடுகளில், பச்சையம்மாளுக்குத் தெரியாமல் எந்த அடுப்பிலும் குழம்பு கொதித்ததில்லை. பகலெல்லாம் சுரங்கத்தில் கல் உடைத்தாலும் காது மட்டும் லயனிலேயே இருக்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு, அடுத்த வீட்டு உத்திராபதி தன் மகளுக்குக் காதுகுத்து என்று சொன்னதிலிருந்து தூக்கம் கெட்டது. அவன் பெண்சாதி வேம்பு கூடப்பிறந்தவன் இல்லாதவள். பிள்ளையை மடியில் வாங்க மாமன் ஏது? கேட்டால், வருவாங்க என்று மழுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்ததெல்லாம் ஆம்பிளைகள். சுரங்கத்து ஆட்கள் சிலர், எறையூர் சர்க்கரை ஆலையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர். ஆசாரியைக் காணோம், ஒரு பெண்பிள்ளையைக் காணோம். உறைமோர் கேட்கிற சாக்கில் பச்சையம்மாள் உள்ளே நுழைந்தாள்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் எப்படி எதிர்த்துக் கேட்பது என்று விளக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர், அவளைக் கண்டதும் நிறுத்திவிட்டார். ஓகோ, சங்கமா! போன வருஷம் அந்தப் பேச்சை எடுத்தவனுக்கு மறுநாளே வேலை போயிற்று. உத்திராபதி வெளிறிப்போனான். இவள் வாயில் விழுந்தால் தன் வேலையும் போன மாதிரிதான்.

அந்நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் நின்றது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி அமிர்தலிங்கம்.

"காதுகுத்துன்னாங்க. மாமன் யாருப்பா?"

உலகத்துத் தொழிலாளிகளையெல்லாம் யோசித்தவர்கள், மாமனை யோசிக்க மறந்திருந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரருதாங்க," என்றாள் பச்சையம்மாள். "வேம்பு எனக்கு நாத்தனா முறை. ஆசாரியக் கூட்டியாரப் போயிருக்காரு. குந்துங்க மேஸ்திரி."

வீட்டுக்காரர் நடராசன் ராத்திரி வேலை முடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொல்லைப்பக்கமாய் ஓடி உலுக்கி எழுப்பி, கடைத்தெருவிலிருந்து ஆசாரியை அழைத்துவரத் துரத்தினாள். அவர்கள் வருவதற்குள் அரிசியை ஊறவைத்து, வெல்லம் கலந்து காப்பரிசியும் கொண்டுவந்துவிட்டாள். திருதிருவென்று விழித்த புருஷனிடம், "பேசாம மடியில வாங்கு," என்றாள்.

பிள்ளை வீறிட்டது. காது நிஜமாகவே குத்தியாயிற்று. மேஸ்திரி காப்பரிசியை மென்றபடி சைக்கிளில் ஏறினார்.

உத்திராபதி கையைப் பிசைந்தான். "அக்கா, இது வெளிய..."

லயன் முழுக்கச் சொல்லத்தக்க சேதி. சொல்லக்கூடாத சேதி. பச்சையம்மாள் அதை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டாள். தேம்பும் பிள்ளையை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் எதிரே சம்மணமிட்டாள்.

"வுட்ட எடத்துலேர்ந்து சொல்லுங்க. அந்த எட்டு மணி நேரம், கல்லு ஒடைக்கிற பொம்பளைங்களுக்கும் உண்டா?"