பன்னிரண்டு தப்படி

பதினாறாம் வயதில் ஊர்க் கால்பந்துக் கிளப்பின் தடுப்பு வரிசையில் நின்றவர், இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. பெரிய அணிகள் இரண்டு அழைத்தும் போகவில்லை. எல்லாரும் அவரைச் ‘சுவர்’ என்றே அழைத்தனர். முழங்கால் சவ்வு கிழிந்து ஆட்டம் நின்றபின், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெனால்டிப் புள்ளியை மட்டும் அவர் டேப் பிடித்து அளந்ததில்லை. கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு தப்படி, அதாவது முப்பத்தாறு அடி. நின்ற இடத்தில் ஒரு பிடிச் சுண்ணாம்பு. முப்பது ஆண்டுகளில் ஓர் அங்குலமும் பிசகியதில்லை என்பதே அவருக்கு மிஞ்சியிருந்த கர்வம். இவ்வாண்டு செயலாளர் அவ்வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட எண்ணினார். பிசகு நேராதவரை சுவரே போடட்டும் என்று உறுப்பினர்கள் தடுத்துவிட்டனர்.

தையல் வேலை செய்யும் அவர் மனைவி ஒருநாளும் ஆட்டம் பார்த்தவளல்லள். “நீங்க கட்டிக்கிட்டது என்னையா, அந்தக் கிளப்பையா?” என்பது அவளுடைய பழைய பல்லவி. ஆயினும் ஆட்ட நாள்களில் அவர் கோடு போட்டுவிட்டு வீடு திரும்பியதும், பொத்தான் வாங்கி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டுவிடுவாள்.

கடைசி ஆட்டத்தன்று அவள் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டாள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஊர் அணி பெனால்டியில் கோல் போட்டது. எதிரணித் தலைவன் புள்ளியைக் காட்டி முறையிட, நடுவர் டேப் வைத்தார். மூன்றடி குறைந்திருந்தது. கோல் செல்லாதென்றாயிற்று.

“சுவரு நகந்து வந்திருச்சுடா” என்றான் கூட்டத்தில் ஒருவன். சிலர் சிரித்தனர்.

செயலாளர் அருகில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார். “அண்ணே, சுண்ணாம்பு ரூம் சாவிய குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

எவனோ வேண்டுமென்றே புள்ளியை அழித்து மாற்றியிருக்கிறான் என்று வழிநெடுகப் பொருமிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் அமர்ந்தார்.

கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்: “இன்னிக்குப் புள்ளிய யாராச்சும் அளந்தாங்களா?”

அவர் எழுந்து தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தார். துணி அளக்கும் டேப், நுனி முதல் நுனி வரை சுண்ணாம்பேறிக் கிடந்தது.

“எத்தன நாளா?”

“ரெண்டு வருஷமா. ஏழு டேப்பும் ஒரு அடியும்.” சற்று மூச்சு வாங்கினாள். “நீங்க வைக்கிற எட்டு சுருங்கிக்கிட்டே வந்துச்சுங்க. நான் என்ன பண்ண?”

அவர் கதவருகே போய் நின்று, கட்டிலை நோக்கி நடந்தார். குடிவந்த அன்று கட்டில் போடுவதற்காக அளந்தபோது, அந்தத் தூரம் சரியாக நான்கு தப்படியாக இருந்தது.

நான்காவது தப்படி கட்டிலைத் தொடவில்லை.