அம்புக்குறி போட்ட நிலா

அலுவலகத்திலும் சரி, குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் சரி, எல்லாரும் அவளைப் பதிவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பது அவள் வேலை. தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது, தெளிவாக வந்தது ஆனால் நாறுகிறது என்று நாள் முழுக்க ஊரே அவள் காதுக்குள் கத்தும். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே குரலில், "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க" என்பாள். தூக்கத்திலும் அப்படிச் சொல்கிறாள் என்று அவள் கணவர் சத்தியம் செய்வார்.

அதனால்தான் வீட்டில் மீன்தொட்டி. மீன்கள் ஓயாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆனால் ஒரு சொல் வெளியே வருவதில்லை. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பாதி உயிர் திரும்பி வரும்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. படுக்கப் போகும்போது கூடத்து விளக்கை அணைத்தால், திடீர் இருட்டில் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் போய் முட்டும். டொங். சற்று நேரம் கழித்து இன்னொரு டொங். வெள்ளித் தட்டு மாதிரி இருக்கும் இரண்டு ஏஞ்சல் மீன்களுக்கும் மூக்கு சிவந்து போயிருந்தது. மீன் கடைக்காரர், "நெலா வெளிச்சம் போடுங்க, சரியாயிடும்" என்று சொல்லி, மங்கலான நீல விளக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். விலையைப் பார்த்ததும் பதிவக்கா அதைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலப் பதமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கணவரிடம் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"நெலாவை எவனாவது கடையில வாங்குவானா? நான் பண்ணித் தரேன்."

"எதை வெச்சுப் பண்ணுவீங்க?"

"எதையாவது வெச்சு."

அந்த 'எதையாவது' என்ன என்று அன்றே அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவர் கொண்டுவந்தது ஏதோ ஒரு கட்டடத்தில் கழற்றிப் போட்ட லிஃப்ட் பொத்தான் தகடு. மேலே போக ஒரு அம்புக்குறி, கீழே போக ஒரு அம்புக்குறி. சும்மா இருக்கும்போது இரண்டும் லேசான நீலத்தில் மினுக்கும். அழுத்தினால் பளிச்சென்று எரியும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய போன் சார்ஜரின் வயரை வெட்டி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, மேசை விரிப்பில் ஒரு ஓட்டையும் போட்டார். வெளிச்சம் அதிகம் என்று அவளுடைய நகப்பூச்சை எடுத்துப் பொத்தான்களின் மேல் இரண்டு கோட் தடவினார். தண்ணீர் தெறித்தால் ஷாக் அடிக்கக் கூடாதென்று சுற்றிலும் பசை போட்டு அடைத்து, தொட்டியின் மூலையில், மூடிக்குக் கீழே ஒட்டினார்.

"ரெண்டு நெலாவா இருக்கே?" என்றாள் அவள்.

"ஒண்ணு பழுதானா இன்னொண்ணு."

"அம்புக்குறி தெரியுது."

"வானத்து நெலாவுல முயல் தெரியுது, யாராவது குறை சொன்னாங்களா? விளக்கை அணை."

அணைத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டொங் வரவில்லை. தொட்டிக்குள் மெல்லிய நீலம் பரவி, கூழாங்கற்களும் இலைகளும் கனவில் வருவது மாதிரி தெரிந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கணவர் மீது இத்தனை பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

அப்புறம்தான் மீன்களைப் பார்த்தாள். எல்லா மீன்களும் அந்த மூலையில், ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நின்றன. முன்னால் ஏஞ்சல்கள், பின்னால் சிவப்புப் பொடியன்கள், கடைசியில் ஆரஞ்சு குண்டன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, வாலை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது?"

லிஃப்ட் மெக்கானிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆயுள் முழுக்க அவர் பார்த்துச் சலித்த முகபாவம் அது.

"லிஃப்டுக்கு வெய்ட் பண்றாங்க" என்றார் மெல்ல.

சொல்லிவிட்டு, தொழில் பழக்கத்தில் கையை நீட்டி மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினார். அது பளிச்சென்று எரிந்தது. கடைசியில் நின்ற குண்டன் தவிர, வரிசை அப்படியே சதுரமாக நெருங்கி நின்று, ஒரே வேகத்தில், துளியும் குலுங்காமல் தண்ணீரின் மேல்மட்டம் வரை போனது. அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து கலைந்து போனார்கள். கண்ணாடி துடைக்கும் கறுப்பு மீன் மட்டும் பொத்தானுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் ஆபரேட்டர் மாதிரி அசையாமல் இருந்தது.

கீழ் அம்புக்குறியை அழுத்தினார். திரும்ப வரிசை, திரும்பச் சதுரம், நேராகக் கீழே. இந்தத் தடவை குண்டனும் உள்ளே நுழைந்ததால் கூட்டம் நகரவே இல்லை. சிவப்புப் பொடியன்களில் இரண்டு பேர் வெளியே வந்து நின்றதும்தான் இறங்கியது.

"ஓவர்லோடு" என்றார் அவர் பக்தியோடு.

பதிவக்காவுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அவருக்கோ தலைகால் புரியவில்லை. மறுநாளே பார்ப்பவரையெல்லாம் கூட்டிவந்து, திரையை இழுத்து மூடி, மீன்களை மேலேயும் கீழேயும் அனுப்பிக் காட்டினார். அங்கேதான் வினை பிடித்தது.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் படுத்து வெகு நாளாகியிருந்தது. வேறு கம்பெனி லிஃப்ட் என்பதால் இவர் கை வைக்க முடியாது. அந்தக் கம்பெனியைக் கேட்டால், பாகம் கப்பலில் வருகிறது என்பார்கள். கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கட்டடம் முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் மாலை, தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடிக்கு ஏறிவந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். படிகளிலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீன் கூட்டம் ஒன்று நிதானமாக மேலே போயிற்று.

"பதிவக்கா, நல்லாருக்கா இது? மனுஷன் நாக்குத் தள்ளி ஏறி வரான். உங்க வீட்டு மீனுக்கு லிஃப்டு."

"உங்க புகார் பதிவாயிடுச்சு சார்" என்றாள் அவள் வாய்தவறி.

அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்திலேயே சங்கக் கூட்டம் நடந்தது. கட்டடத்துக்குள் ஓடும் லிஃப்ட் எதுவானாலும் அது பொதுச் சொத்து என்றார் ஒருவர். மீன்களுக்கும் பராமரிப்புக் கட்டணம் போட வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது தரைத்தளத்து உடற்பயிற்சிக்காரர். வாழ்நாளில் அந்த லிஃப்டில் அவர் கால் வைத்ததில்லை. கூச்சல் உச்சத்துக்குப் போனபோது மீன்களெல்லாம் கண்ணாடிக்கு அருகில் வந்து வாயைத் திறந்து மூடின. முதல் தடவையாக, அவை ஏதோ சொல்கின்றன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

யார் எழுதிப் போட்டார்களோ, லிஃப்ட் ஆய்வாளர் வந்துவிட்டார். சிரிக்காத மனிதர். தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதுல எத்தனை பேர் போறாங்க?"

"பேர் இல்ல சார், மீன்" என்றாள் பதிவக்கா.

"பயணிகள்னு வெச்சுக்குவோம். அவசர மணி எங்க?"

"இல்லைங்க."

"தீப்பிடிச்சா படிக்கட்டுல போகணும்னு ஒரு போர்டு இருக்கணுமே?"

"தண்ணிக்குள்ள எப்படிங்க தீப்பிடிக்கும்?"

"அதெல்லாம் சட்டம் கேக்காதும்மா."

அவள் கணவரைப் பார்த்தாள். இந்த ஆளை ஒரு வார்த்தை கேளுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "கதவுகூட இல்ல சார், தப்புதான்" என்றார். ஆய்வாளர் பொத்தான் தகட்டின் இணைப்பைப் பிடுங்கி, அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டுப் போனார்.

"என் சர்வீஸ்ல என் கையால போட்ட லிஃப்டுக்கு சீல் வெச்சது இதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டு, கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மீன்கள் சாப்பிடுவதை நிறுத்தின. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மூலையில் வரிசை. தீனியைத் தூவினால் அது மேலே மிதந்தது. யாரும் போய் எடுக்கவில்லை. நிமிர்ந்து ஏக்கமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். லிஃப்ட் வந்தால் போகலாம் என்ற நிலை. ஏஞ்சல்களின் விலாவெல்லாம் ஒட்டிப்போனது. பதிவக்கா கையை உள்ளே விட்டு வரிசையைக் கலைத்துப் பார்த்தாள். கை வெளியே வந்ததும் அவரவர் இடத்துக்கு வந்து நின்றார்கள். முன்னால் நுழையப் பார்த்த ஒரு பொடியனைக் குண்டன் முறைத்துப் பின்னால் அனுப்பினான்.

அன்றைக்கு அவள் உடைந்துபோனாள்.

"நான் உங்ககிட்ட நெலாதானே கேட்டேன்? அதுங்களை ஆபீஸுக்கு அனுப்பி வெச்ச மாதிரி பண்ணிட்டீங்களே!"

அவருக்கும் சோறு இறங்கவில்லை என்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டாள். ரேடியோ கடைக்குப் போய், கடலைப்பருப்பு அளவில் ஒரு நீல விளக்கு வாங்கினாள். விலை சொல்லவே கடைக்காரர் வெட்கப்பட்டார். பழைய சார்ஜரில் அதைக் கணவர் செய்த மாதிரியே பற்றவைத்தாள். விரலில் ஒரு சூடு வாங்கினாள். எரிந்து போகாமலிருக்க நடுவில் மின்சாரத்தைக் குறைக்கும் ஒரு சின்ன மின்தடையும் சேர்க்க வேண்டும் என்று அவர் சுவர்ப் பக்கம் பார்த்தபடியே சொன்னார். முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாவின் வெள்ளை மூடிக்குள் விளக்கை வைத்து, பசை போட்டு அடைத்தாள். பொத்தான் தகட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, மூலையில் அல்ல, தொட்டியின் நட்டநடுவில், மூடிக்கு அடியில் அதை ஒட்டினாள். வட்டமாக, மங்கலாக, எதையும் சொல்லாத ஒரு வெளிச்சம். மேலே போ என்றும் சொல்லவில்லை, கீழே போ என்றும் சொல்லவில்லை.

அன்று எதுவும் நடக்கவில்லை. வரிசை அப்படியே நின்றது. அவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் அந்தி நேரத்தில் ஏஞ்சல்களில் ஒன்று மெதுவாகத் திரும்பியது. அக்கம்பக்கம் பார்த்தது. நடுவில் இருந்த செடியருகே போய், அதன் அடி இலையின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அதற்கு மேலே உள்ள இலை. பிறகு அதற்கும் மேலே.

"என்னங்க, சீக்கிரம் வாங்க!"

கணவர் ஓடிவந்தார். ஏஞ்சல் உச்சி இலையை அடைந்து, மிதந்துகொண்டிருந்த தீனியை லபக்கென்று விழுங்கியது. வரிசையில் நின்றவர்களுக்குள் ஒரு சலசலப்பு. ஒவ்வொருவராகக் கலைந்து, செடியின் அடிக்கு வந்து, இலை இலையாக ஏறத் தொடங்கினார்கள்.

"படிக்கட்டு!" என்றார் கணவர். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இருந்தாலும் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார்.

செய்தி பரவி, செயலாளர் மறுபடி ஏறிவந்தார். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் வந்தார். ஆனால் நீல வெளிச்சத்தில், குண்டன் நடு இலையில் உட்கார்ந்து செவுளை அடித்துக்கொண்டு இளைப்பாறுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முட்டியைத் தடவியபடி குனிந்து பார்த்தார்.

"பாவம், அவனுக்கு உக்கார ஒரு எல இருக்கு" என்றார் கடைசியில். "நமக்கு அதுகூட இல்லையே பதிவக்கா."

அடுத்த வாரமே படிக்கட்டின் திருப்பங்களில் நாற்காலிகள் போடப்பட்டன. ஏறுகிறவர்கள் அங்கங்கே உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் பேசினார்கள், வருஷக்கணக்கில் ஒரே கட்டடத்தில் இருந்தும் முகம் தெரியாதவர்களுக்கு முகம் தெரிந்தது. பிறகு ஒருநாள் அந்தக் கப்பலும் எங்கோ கரை சேர்ந்து, லிஃப்டும் ஓடத் தொடங்கியது. செயலாளர் அதில்தான் போகிறார், வருகிறார். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது பதிவக்கா வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

மீன்களை யாரும் மறுபடி மூலையில் பார்க்கவில்லை. கூடத்து விளக்கை அணைத்த பிறகு, பதிவக்காவும் கணவரும் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

"குண்டன் எங்க?" என்பார் அவர்.

"மூணாவது எலையில. மூச்சு வாங்குது."

"அவசரமில்ல," என்பார் அவர், "மெதுவா வரட்டும்."