மாமா அணைக்காத கற்பூரம்

என் அக்கா மங்கலத்தின் புருஷனை நான் முதல் தடவை அடித்தது அவருடைய ஆபீஸ் வாசலில். பெயர் நடனசபாபதி. சிதம்பரத்தில் மின்சாரப் பொறியாளர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து, நடராஜர் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் ஆபீஸ் படியேறுவார். அக்காவுக்குத் தலைவலி என்றால் லீவு போட்டுச் சமைப்பார். எங்கள் அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க வைக்கத் தலைகீழாக நின்றார். எனக்குத்தான் படிப்பு ஏறவில்லை. இத்தனையும் தெரிந்துதான் அடித்தேன்.

காரணம் சின்னையன். காட்டுமன்னார்கோயில் சாலையில் எனக்குக் கரும்புக் கொல்லை. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல், மோட்டார் ஷெட்டிலிருந்து கம்பி இழுத்து வேலியில் கரண்ட் விட்டேன். விடிந்ததும் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன். அன்றைக்குத் தூங்கித் தொலைத்தேன். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த சின்னையன் வேலியோடு ஒட்டிக்கொண்டான். நான் ஓடிப் போனபோது அவன் உள்ளங்கை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பல் கிட்டித்திருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினேன். அவனைத் தூக்கவில்லை, கம்பியைத்தான் முதலில் சுருட்டி ஒளித்தேன். பிறகு, மேலே போகிற லைன் காற்றில் தாழ்ந்து வேலியில் பட்டுவிட்டது என்று ஊரைக் கூட்டினேன்.

அந்த லைன் மாமாவின் பொறுப்பு. அவர் எழுதுவதுதான் ரிப்போர்ட். ஆனால் போன மாசமே என் வேலியைப் பார்த்து, கம்பியைத் தன் கையாலேயே கழற்றி, "இன்னொரு தபா செஞ்சா போலீசுதான்" என்று திட்டியிருந்தார். மேலிடத்துக்கு எழுதவில்லை. பெண்சாதியின் தம்பியாயிற்றே என்று விட்டுவிட்டார். அவர் தலை மறைந்ததும் நான் மறுபடி கம்பி இழுத்தேன்.

அன்று மத்தியானமே ஆபீஸ் வாசலில் அவரை மடக்கினேன். "லைன் தொங்குச்சின்னு எழுதுங்க மாமா. அவன் குடும்பத்துக்கும் ஒதவித்தொகை கெடைக்கும். யாருக்கு நஷ்டம்?"

"பொணத்து மேல பொய் எழுதச் சொல்றியாடா, செம்பியா?"

"நீயும்தான் பாத்துட்டு வுட்ட. நான் உள்ள போனா நீயும் வரணும். அக்காவ நெனச்சிப் பாரு." முதல் தடவையாக அவரை நீ என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "அதான்டா இன்னும் எழுதல. சாமி முன்னாடி நிக்கவே கூசுது" என்றார். அந்தச் சாமிப் பேச்சு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி அறைந்தேன். கண்ணாடி படியில் விழுந்து உடைந்தது. சில்லுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லாத" என்றார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் வந்தது. விசாரிக்க மாமாவும் வந்திருந்தார். சின்னையன் பெண்சாதி ராணியம்மாள் பிணத்தை எடுக்க விடவில்லை. தலைமாட்டில் ஒரு செங்கல்லைப் போட்டுக் கற்பூரம் கொளுத்தினாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"மொதல்ல கொல்லைக்குச் சொந்தக்காரன் வரட்டும்" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "லைன்தான் பட்டுச்சி, சத்தியமா" என்று சப்பென்று அடித்து அணைத்தேன். அவள் இன்னொரு கட்டி வைத்தாள்.

"சார், நீங்க சாமி கும்புடற மனுஷன். நீங்க அணைச்சிட்டா எடுத்துடறோம்."

மாமா கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. "அக்கா, மாமா, அக்கா" என்று காதருகே முணுமுணுத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

"லைன் தொங்கலம்மா. வேலியில கரண்டு வுட்டிருந்தாங்க. ஒரு மாசம் முன்னாடியே பாத்துட்டு, எங்க ஊட்டுப் புள்ளன்னு எழுதாம வுட்டேன். அன்னிக்கே எழுதியிருந்தா உங்க ஊட்டுக்காரர் உசுரோட இருந்திருப்பாரு."

ஊர் திகைத்து நின்ற அந்த ஒரு நொடியில் நான் பாய்ந்தேன். பாடை கட்டி மிஞ்சிய மூங்கில் கழி கைக்கு வந்தது. முதல் அடி தலையில் விழுந்தது. இரண்டாவதைத் தடுத்த வலது கை, முழங்கைக்குக் கீழே படக்கென்று மடங்கியது. திருநீற்றின்மேல் ரத்தம் வழிந்தது. எனக்கு வெறி அடங்கவில்லை, மூன்றாவதுக்கும் ஓங்கினேன்.

அதற்குள் கூட்டம் என்மேல் விழுந்தது. கழியைப் பிடுங்கி அதாலேயே விளாசினார்கள். வாயில் உதைத்தார்கள், இரண்டு பல் போயிற்று. யாரோ ஒருவன் செங்கல்லைத் தூக்கினான். செத்தேன் என்று கண்ணை மூடினேன். என்மேல் பாரமாக ஏதோ விழுந்தது. மாமா. உடைந்த கையோடு என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, "வேணாம், போலீசு பாத்துக்கும், வேணாம்" என்று கத்தினார். செங்கல் அவர் முதுகில் விழுந்தது.

சாயங்காலம் கடலூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என் கையில் விலங்கு. மாமாவின் கட்டிலருகே அக்கா. மாமா இடது கையால் கோணல்மாணலாக ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். குற்றம் செய்தவர்கள் என்று இரண்டு பெயர்களை எழுத வைத்திருந்தார். முதல் பேர் அவருடையது.

"கைய ஒடைச்சது யாரு சார்?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இவன்தான். அதுக்குக் கேஸ் வேணாம். என்ன அடிச்சத நான் மன்னிக்கலாம். சின்னையன் விஷயத்துல மன்னிக்க நான் யாரு?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவரு சொல்றது எல்லாம் நெசம் சார். எழுதிக்குங்க" என்றேன்.

அதுவரை சுவரைப் பார்த்து நின்றிருந்த அக்கா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.