தானா வெடிச்ச கதவு

என் அக்கா புருஷனை நான் அடிச்சது உண்மை. அவனுக்குப் பல்லு போனதும் உண்மை. ஆனா யார் கேட்டாலும் முதல்ல அந்தக் கதவைப் பத்திதான் சொல்வேன். எல்லாம் அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சுது.

என் பொழப்பே உடைஞ்ச கண்ணாடி. கட்டடங்களுக்குக் கண்ணாடி போடுற கம்பெனியில இன்ஜினியரா சேர்ந்தேன். எவ்வளவு கனம் வேணும், எந்தக் காத்துக்குத் தாங்கும்னு கணக்குப் போடுற வேலை. அப்புறம் உடைஞ்சதைப் பார்த்து ஏன் உடைஞ்சுதுன்னு சொல்ற பக்கம் வந்துட்டேன். மேல் மாடி ஜன்னல் பேர்த்துக்கிட்டு விழுந்து கழுத்து போன ஆளு, கடைக் கதவு மூடியிருக்குன்னு தெரியாம ஓடி வயிறு கிழிஞ்ச ஆளு, சண்டையில முகத்தை ஷோகேஸுக்குள்ள திணிச்ச கேசு, எல்லாம் பார்த்தாச்சு. இன்ஷூரன்ஸ்காரன் கூப்பிடுவான், வக்கீல் கூப்பிடுவார், போலீஸ் கூப்பிடும். அத்தான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கண்ணாடிக்காரி, சீக்கிரம் வா. குளிக்கிற ரூம் கதவு தானா வெடிச்சு உங்க அக்கா மேல கொட்டிருச்சு"ன்னான். அன்னிக்குக் காலையில வரைக்கும் 'சொன்னார், வந்தார்'னு மரியாதையாத்தான் பேசிட்டு இருந்தேன். அந்த மரியாதையை எல்லாம் அன்னிக்கே மூட்டை கட்டியாச்சு.

ஆஸ்பத்திரியில அக்கா ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. இடது கை அக்குள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் கட்டு. நரம்பு அறுந்திருக்கு, விரல் மடங்குறது சந்தேகம்னு டாக்டர் சொன்னார். தோள்லயும் முதுகுலயும் தோல் வெந்து உரிஞ்சு, மேல மருந்துத் துணி.

"என்னடி ஆச்சு அக்கா?"

"தானா வெடிச்சுது குட்டி." சுவத்தைப் பார்த்துத்தான் சொன்னா.

"முதுகு?"

கட்டிலுக்குப் பக்கத்துல நின்ன அவன்தான் பதில் சொன்னான். "விழுந்து கிடந்தா இல்ல, மேல சுடுதண்ணி கொட்டிட்டே இருந்துச்சு. பாவம்."

வாசல்ல ஒரு போலீஸ் அம்மா நின்னுட்டு இருந்தாங்க. "அடிபட்டவங்களே தானா வெடிச்சுதுன்னு சொல்றாங்க. நீங்க இந்த விஷயத்துல பெரிய ஆளாமே, நீங்களும் ஆமான்னா விபத்துன்னு முடிச்சுடலாம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க"ன்னாங்க.

"நான் சொந்தக்காரி மேடம். என் பேச்சு கோர்ட்ல நிக்காது."

"விபத்துன்னா கோர்ட் எங்க வருது?"

அதுவும் சரிதான். நாளைக்கு என் அக்கா வேலை செய்யாத ஒரு கையோட அந்த வீட்டுக்கு, இவன்கூடப் போகணும். அவ்வளவுதான் விஷயம். "இடத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்"னு கிளம்பினேன். அவனும் கூடவே வந்தான், ரொம்ப உபசாரமா, என் டூல் பையைக்கூடத் தூக்கிக்கிட்டு.

குளிக்கிற ரூமுக்குள்ள ஒரு மூலையைக் கண்ணாடியால தடுத்திருந்தாங்க. அதோட கதவுதான் போயிருந்துச்சு. கீலுங்க மட்டும் வாயில கொஞ்சம் கண்ணாடியைக் கவ்விட்டுத் தொங்குச்சு. தரை பூரா உப்புக்கல் சைஸுல தூள். தடுப்புக்கு வெளியில, வாஷ்பேசினுக்குக் கீழ, ரத்தம் குளமா நின்னு காஞ்சு கறுத்திருந்துச்சு. என் அக்காவோட ரத்தம்.

அப்புறம் வேலையைப் பார்த்தேன். அவ விழுந்தது வெளியில. ஷவர் இருக்கறது உள்ள. வெளியில கிடந்தவ மேல சுடுதண்ணி எப்படிக் கொட்டும்? அப்போ கதவு உடையறதுக்கு முன்னாடியே அவ உள்ள நின்னு வெந்திருக்கா. சுடுதண்ணித் திருகு தடுப்புக்கு வெளியில, அவ கைக்கு எட்டாத சுவத்துல இருந்துச்சு. கையில பிடிக்கிற இரும்பு ஷவரோட தலை நசுங்கி, அதுல கண்ணாடி மாவு ஒட்டியிருந்துச்சு. உள்ளேர்ந்து அடிச்சு உடைச்சது அவதான். கதவு வெளிப்பக்கமாத் திறக்குற கதவு. சும்மா தள்ளினாலே வந்துடும். அதைத் தள்ளாம ஒருத்தி ஏன் உடைப்பா? கீழ டைல்ஸ்ல பார்த்தேன். கதவைப் பார்த்த மாதிரி ரெண்டு கறுப்பு இழுவை, ஷூ ரப்பர் தேஞ்சது. வெளியில ஒருத்தன் காலை ஊணி, கதவை முட்டுக் கொடுத்து நின்னிருக்கான்.

அடப்பாவி, உயிரோட அவிச்சிருக்கியேடான்னு மனசுக்குள்ள கத்தினேன்.

"இதைப் பாரு, உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்"னு அவன் பிளாஸ்டிக் கவர் ஒண்ணை நீட்டினான். உள்ள ரெண்டு கண்ணாடித் துண்டு, மத்ததைவிடப் பெருசு, ஒண்ணோட ஒண்ணு பொருந்தி இருந்துச்சு. "பட்டாம்பூச்சி. நீதானே சொல்லுவ?"

ஆமா, நான்தான் சொல்லுவேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்து வாய் கிழியப் பேசுவேன். சூடு பண்ணிக் கெட்டியாக்கின டஃபன்டு கிளாஸ் சில சமயம் யாரும் தொடாமலே வெடிக்கும், கண்ணாடி காய்ச்சும்போது உள்ள மாட்டின ஊசிமுனைக் கல்லு ஒண்ணு மெல்ல மெல்ல வீங்கி வெடிக்க வைக்கும், வெடிச்ச இடத்துல ரெண்டு பெரிய துண்டு பட்டாம்பூச்சி றெக்கை மாதிரி ஒட்டிக் கிடக்கும், அதைக் கண்டுபிடிச்சா கேசு முடிஞ்சுதுன்னு. எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாங்க. இவன் மட்டும் கேட்டுட்டே இருந்திருக்கான்.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ரெண்டும் சேர்ற இடத்துல ஒண்ணுமில்லை, சுத்தமா இருந்துச்சு.

"கல்லு எங்க?"

"என்ன கல்லு?"

"நடுவுல கல்லு இருக்கணும்டா முட்டாள். அது இல்லாட்டி இது வெறும் பக்கத்துப் பக்கத்துத் துண்டு."

சொல்லிட்டே கீழ பார்த்தேன். அப்போதான் கண்ணுல பட்டுது. ரத்தக் குளத்தோட ஓரத்துல ரெண்டு வட்டம், தூளே இல்லாம, ரத்தமும் ஏறாம. ரத்தம் அதைச் சுத்திக்கிட்டுப் போயிருந்துச்சு. ரெண்டு முட்டி. ரெண்டு பக்கமும் கண்ணாடியைப் பெருசு தனியா சின்னது தனியாப் பிரிச்சுக் குவிச்சிருந்துச்சு. ரத்தம் ஓடிட்டு இருக்கும்போதே ஒருத்தன் இங்க முட்டி போட்டு உக்காந்து பொறுக்கியிருக்கான்.

"அவ கிடக்கும்போது நீ தேடிட்டு இருந்தியாடா?"ன்னு கேட்டேன்.

என் முடியைப் பிடிச்சுட்டான். அப்படியே அழுத்தி முகத்தை அந்தத் தூளுக்குள்ள தேய்ச்சான். கன்னம் பூரா முள்ளு குத்தின மாதிரி எரிஞ்சுது. "உனக்கும் அவளுக்கும் ஒரே வாய்"னு மூச்சிரைக்கச் சொன்னான். "வேலைக்குப் போறேன்கிறா, என்கிட்ட கேக்காம! போடி, போய்க் குளிச்சுட்டுப் போன்னு சுடுதண்ணியைத் திறந்து விட்டேன்."

என் கைக்குப் பை எட்டுச்சு. கண்ணாடி தூக்குறதுக்கு ரெண்டு ரப்பர் கப்பு வெச்ச அலுமினியப் பிடி ஒண்ணு எப்பவும் பையில இருக்கும், நல்ல கனம். எடுத்து அவன் வாயிலேயே போட்டேன். முடியை விட்டுட்டான். ரெண்டாவது அடி தேவையே இல்லை, ஆனாலும் போட்டேன். அதுக்கு அப்புறம் போட்டது எல்லாம் என் அக்கா முதுகுக்காக. பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு.

சுவத்தோட சரிஞ்சு உக்காந்து பல்லைத் துப்பினான். துப்பிட்டுச் சிரிச்சான். "உன் அக்காவே தானா வெடிச்சுதுன்னு சொல்லிட்டா. நீ என்னத்தைக் கிழிக்கப் போற?"

பையை எடுத்துக்கிட்டு வெளியில வந்துட்டேன்.

ஆஸ்பத்திரியில என் முகத்தைப் பார்த்ததும் அக்கா எழுந்திருக்கப் பார்த்தா. "ஐயோ குட்டி, யாருடி?"

"வேற யாரு, உன் உத்தமப் புருஷன்தான். கதவை முட்டுக் கொடுத்து உன்னை அவிச்சானே, அவன்தான்."

அவ மறுக்கலை. அழுதா. அழுகைக்கு நடுவுல மெதுவாச் சொன்னா. "பிடிச்சான்டி. திறந்து விடுன்னு கத்துறேன், கேக்கலை. பைத்தியம் பிடிச்ச மாதிரி நின்னான். ஆனா நீ பார்க்கலை குட்டி. நான் விழுந்ததும் அப்படியே முட்டி போட்டுட்டான். வெறுங்கையால கண்ணாடியை அள்ளி அள்ளித் தள்றான். கையெல்லாம் ரத்தம். என்கிட்ட வர்றதுக்கு வழி பண்றான்டி. அந்தக் கோலத்தைப் பார்த்ததுக்கு அப்புறம் அவனை எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?"

பாவி மக, அதைப் போய்ப் பாசம்னு நினைச்சு உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கா. சொல்லாம விட்டா நாளைக்கு அவன்கூடப் போவா. சொன்னா இதுவும் போயிடும் அவளுக்கு.

"அக்கா, அவன் உன்கிட்ட வந்தானா?"

அவ போர்வை ஓரத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா.

"உன்னைத் தொட்டானா? கையில ஒரு துணியாவது சுத்தினானா?"

"இல்ல... கீழ் வீட்டுக்காரங்கதான் கதவைத் தட்டிட்டு வந்தாங்க. தண்ணி அவங்க வீட்டுக்குள்ள ஒழுகி..." நிறுத்திட்டா.

பட்டாம்பூச்சி கதையைச் சொன்னேன். கவர்ல போட்டு வெச்சிருந்ததைச் சொன்னேன். பெருசு தனியா, சின்னது தனியான்னு குவிச்சிருந்ததையும் சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன், நல்ல கையை.

அவ அழுகை நின்னுருச்சு. அப்புறம் கேட்டா.

"கிடைச்சுதா அவனுக்கு?"

"கிடைச்சுதுன்னு நினைச்சுட்டான் அக்கா."

தலையை ஆட்டினா. "அந்த போலீஸ் அம்மாவைக் கூப்பிடு."

அவங்க வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. என் முகத்தைப் பார்த்தாங்க, ஒண்ணும் கேக்கலை. அக்கா தலையணையிலேர்ந்து கழுத்தைத் தூக்கினா. வலியில உதடு கோணுச்சு.

"கதவைப் பிடிச்சது, தண்ணி, எல்லாம் சொல்றேன் மேடம். முதல்ல இதை எழுதிக்குங்க. ரத்தத்துல கிடந்துக்கிட்டு நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காம, கண்ணாடியைப் பொறுக்கிக்கிட்டே 'இரு, இரு'ன்னான்."