புதன்கிழமைப் பழுது

தமிழர் நிறைந்த மிச்சம் என்ற ஊரில் டிராம் ஏறியதிலிருந்து பிறின்சி அந்தக் கறுப்புப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ இசைக்கருவி வைக்கும் பெட்டி போலத் தெரியும். உள்ளே, கடற்பஞ்சு போன்ற சாம்பல் நிற நுரையில் பதிந்து, அவளுடைய ஏர் பிஸ்டல் படுத்திருந்தது. அழுத்திய காற்றால் ஒரு சின்ன ஈயக்குண்டைத் தள்ளுகிற போட்டித் துப்பாக்கி. பத்து மீற்றர் தள்ளி, சட்டைப் பொத்தானளவு வட்டம் ஒன்றைத் தொடுவதற்காக மட்டும் செய்யப்பட்டது.

சனிக்கிழமை தேசிய அணிக்கான கடைசித் தேர்வு. அதில் தவறினால் அணியின் கதவு மறுபடி திறக்க நாலு வருடமாகும். அப்போது பிறின்சிக்கு முப்பது தாண்டியிருக்கும். இன்று வியாழன்.

"துவக்குக்குக் காய்ச்சல் வந்த மாதிரியெல்லே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா பியற்றிஸ்.

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ. அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ."

"ஏன்? இஞ்ச ஆருக்கு விளங்கும்?"

முன் இருக்கையில் இருந்த வழுக்கைத் தலை மெல்லத் திரும்பியது. மீசை, நெற்றியில் திருநீறு. அந்தக் கண்கள் பியற்றிஸைப் பார்த்தன, பெட்டியைப் பார்த்தன, பிறகு அவசரமாக ஜன்னலுக்குப் போய்விட்டன.

"மிச்சம் டிராமிலை இருந்துகொண்டு கேக்கிறியள், ஆருக்கு விளங்கும் எண்டு" என்றாள் பிறின்சி.

அம்மா வருவதை அவள் விரும்பவில்லை. ஆனால் பியற்றிஸுக்கு இன்று வேலையில்லை. 'உதைத் தனியாக் கொண்டு திரியாதை, பொலிஸ் பிடிச்சா ஆர் கதைக்கிறது' என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இதை வாங்கி வந்த நாளில் 'துவக்குக்குப் பயந்து மன்னாரிலையிருந்து ஓடி வந்த வீடு இது' என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவளும் இவள்தான். பிறகு ஒரு சமாதானம் உண்டாயிற்று. பிஸ்டல் அலுமாரிக்குள் பூட்டப்படும். சாவி அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் தொங்கும். அந்தோனியார் அறியாமல் யாரும் அதை எடுக்கக்கூடாது.

பழுது தொடங்கியது கோடை முடிகிற நேரத்தில். சுட்டால் 'டப்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொச்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. குண்டு சோம்பலாகப் போய் இலக்குக் கடதாசியின் அடியில் விழுந்தது. பிறின்சி காற்றுச் சிலிண்டரை மாற்றிப் பார்த்தாள். றப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டாள். வேறு குண்டுகள் வாங்கினாள். கையேட்டில் இருந்த ஒவ்வொரு சோதனையையும், வேலை செய்கிற மருந்துக்கடையின் மதிய இடைவேளைகளில், வாடிக்கையாளர் காணாதபடி பின்னறையில் இருந்து வாசித்தாள். கிளப்பின் பயிற்சியாளன் வருண் பிஸ்டலைத் தன் கையில் வாங்கி நாலு குண்டு சுட்டான். நாலும் நன்றாகப் போயின.

"மெஷின் சரி, பிறின்சி. உன்ர மணிக்கட்டுத்தான் விழுது" என்றான்.

அதற்குப் பிறகு அவள் தன் கையைச் சந்தேகிக்கத் தொடங்கினாள். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதும், மாத்திரைகளை எண்ணும்போதும் மணிக்கட்டைப் பார்த்தாள். இரண்டு முறை சமையலறையில் நின்று அழுதாள். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஜெர்மனியில் இருந்த தயாரிப்பாளருக்கு எழுதினாள். அவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உள்ளே எண்ணெய் ஏதும் இடப்பட்டதா? இல்லை. உறுதியாக? இல்லை. மூன்றாவது தடவை அவள் பெரிய எழுத்தில் இல்லை என்று எழுதினாள். அதற்குப் பிறகே பதில் இரங்கியது. கிங்ஸ்பரியில் எங்கள் முகவரின் பட்டறை இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டுங்கள். செய்முறைக் குறைபாடு என்று தெரிந்தால் வாரண்டியில் திருத்தித் தருவோம். திருத்தும் வரைக்கும் போட்டிக்கென்று ஒரு இரவல் பிஸ்டல் தரப்படும்.

இரவல் பிஸ்டல். அந்தச் சொல்லோடுதான் அவள் இரண்டு இரவு தூங்கியிருந்தாள்.

பட்டறை, சைக்கிள் கடைக்கும் நாற்காலி மேசைகள் அடுக்கிய தளபாடக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. மேசைக்குப் பின்னால் நின்ற மனிதர் நாற்பதைத் தாண்டியவர், சட்டைப் பையில் சிறு திருகாணிச்சாவி. பெயர்ப் பட்டையில் அழகப்பன் என்று இருந்ததைக் கண்டதும் பியற்றிஸின் முகம் விரிந்தது.

"தம்பி தமிழோ? கடவுளே! தம்பி, பிள்ளையின்ர துவக்கு வேலை செய்யுதில்லை."

"எதைத் துவக்கணும்மா?" என்றார் அழகப்பன். "கடை இப்பத்தான் திறந்தோம். எல்லாம் துவக்கியாச்சே."

"பிஸ்டலைச் சொல்றா" என்றாள் பிறின்சி. "எங்கட ஆக்கள் துவக்கு எண்டுதான் சொல்லுறது."

"ஓ! நான் ஈப்போ ஆளு, மலாய்க்காரன் நாடு. எங்க ஊர்ல துவக்குன்னா ஆரம்பிக்கிறதுலா." அவர் பெட்டியைத் திறந்து, குழந்தையை எடுப்பது போல் பிஸ்டலை எடுத்தார். "அப்ப சரி. துவக்கைத் துவக்குவோம்."

பின்பக்கம், கடைவாசல் தெரிகிற ஒரு நீண்ட அறை. சுடும் மேசை, முடிவில் மணல் பெட்டி, குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. அவர் சுட்டார். பொச். மறுபடி சுட்டார். திரையில் எண்கள் படிக்கட்டில் தடுக்கியவன் போல ஏறி இறங்கின. பிறின்சிக்குக் கண்ணீர் வந்தது. மணிக்கட்டு இல்லை. அவளுடைய மணிக்கட்டு இல்லவே இல்லை.

"வால்வு ஒட்டுது" என்றார் அழகப்பன். "எப்பவும் இப்படியா?"

"இல்லை. ஞாயிறு பயிற்சியிலை பரவாயில்லை. என்ர கோச் சுட்டதும் ஞாயிறுதான். புதன்கிழமையிலைதான் படுமோசம். போகப்போக மற்ற நாளும் வரத் தொடங்கீட்டுது."

"கிழமை பார்த்து பழுதாகுற மெஷினை நான் பார்த்ததில்லலா. ஜெர்மன்காரனுக்குப் புதன் ஆகாதோ?" அவர் சிரித்தார். பியற்றிஸ் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் நேராக்கி வைத்தாள்.

"உள்ள எண்ணெய் ஏதும் விட்டீங்களா?"

"இல்லை! மூண்டு தரம் எழுதினனான். எத்தினை தரம் கேப்பியள்?"

"கோவிச்சுக்காதீங்க. கேட்கிறது என் வேலை." அவர் பின்பக்கத்தைக் கழற்றி, பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தார். பஞ்சு மஞ்சளாக, ஈரமாக வந்தது. முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். "ஒலிவ் எண்ணெய். கூடவே ஏதோ பூ வாசம். ரோஜாவா? துப்பாக்கிக்கு இவ்வளவு மரியாதையா யாரும் செஞ்சு நான் பார்க்கல."

குச்சியை அவர் நீட்ட, பிறின்சியும் முகர்ந்தாள். அறை ஒரு கணம் எங்கோ போயிற்று. பரீட்சைக்குப் போகும் காலைகள், கார் ஓட்டும் தேர்வுக்குப் போன காலை, நெற்றியில் சிலுவை போடும் ஒரு கட்டைவிரல். அந்த விரலின் வாசம். அந்தோனியார் கோயில் எண்ணெய். செவ்வாய்க்கிழமைப் பூசையில் மந்திரித்துக் கொடுப்பது.

செவ்வாய்க்குப் பிறகு புதன்.

"அம்மா."

பியற்றிஸ் சுவரில் இருந்த தீயணைப்பு அறிவித்தலைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களைத்தான்."

"ஒரு சொட்டுத்தான் பிள்ளை."

"எப்ப?"

"பூசை முடிஞ்சு வந்து. குண்டு போடுற அந்த வாயிலை. நோயிலை கிடக்கிற வருத்தக்காரருக்குப் பூசுற மாதிரி."

"ஒரு செவ்வாயோ? ஒவ்வொரு செவ்வாயுமோ?"

"நீ குசினிக்குள்ளை நிண்டு அழுதனியெல்லே. அதுக்குப் பிறகு ரெண்டு சொட்டாக் கூட்டினனான்."

அழகப்பன் மேசையில் முழங்கையை ஊன்றினார். "பழுதாக ஆக எண்ணெய். எண்ணெய் விட விடப் பழுது. நல்லா சுத்தியிருக்குலா."

பிறின்சிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது யாரோ ஒருத்தியின் குரலாக இருந்தது. "சுட வேணும் எண்டு பூசினனீங்களோ, சுடக்கூடாது எண்டு பூசினனீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"உன்ர கைக்குப் பூசத்தான் முதல் நினைச்சனான். 'வழுக்கும் அம்மா, தொடாதேங்கோ' எண்டு நீ கையை இழுத்தனி. கைக்கு ஏலாது எண்டால், கை பிடிக்கிற சாமானுக்குப் பூசுவம் எண்டு..." பியற்றிஸ் நிறுத்தினாள். "அது ஆருக்கும் படக்கூடாது எண்டும் கேட்டனான். அந்தக் கடதாசிக்கு மட்டும் பட்டாப் போதும் எண்டு."

தளபாடக் கிடங்கில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"எண்ணெய்ன்னு எழுதினா வாரண்டி போச்சு" என்றார் அழகப்பன் மெதுவாக. "இரவலும் கிடையாது. ஆனா எனக்குக் காது கொஞ்சம் மந்தம். வால்வு ஒட்டுதுன்னு மட்டும் எழுதலாம். அதுவும் உண்மைதானே."

கண்ணாடி அலுமாரியைத் திறந்து இரவல் பிஸ்டலை மேசையில் வைத்தார். அதே வகை, அதே நிறம். பிறின்சி கையில் எடுத்தாள். அது தயக்கமில்லாமல் உள்ளங்கைக்குள் வந்து அமர்ந்தது. சனிக்கிழமையின் மண்டபம், வெள்ளை விளக்குகள், தூரத்துக் கறுப்பு வட்டம் எல்லாம் அந்தக் குளிர்ந்த பிடிக்குள் இருந்தன.

பியற்றிஸ் எழுந்தாள். "நான் வெளியிலை நிக்கிறன் பிள்ளை. எனக்கு இதொண்டும் விளங்காது." கதவு மணி கிலுங்கியது.

"பிறகு ஜெர்மனியிலை திறந்து பாப்பினமோ?" என்று பிறின்சி கேட்டாள்.

"பார்ப்பாங்க."

"எண்ணெய் இருக்குமே."

"இருக்கும். என்னைக் கேட்பாங்க. ஏதாவது சொல்லிக்கலாம்." அவர் அதை இலகுவாகச் சொல்லப் பார்த்தார். ஆனால் பெயர்ப் பட்டையைத் தொட்டுப் பார்த்த விரல் இலகுவாக இல்லை.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தூறல். கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். உதடுகள் அசைந்தன. பிறின்சிக்கு அந்தச் செபம் தெரியும். சின்ன வயதில் களவாக ஒரு பிஸ்கட் எடுத்ததற்குக்கூடப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிய மனுசி, இப்போது மகள் சொல்லப்போகும் பொய் பலிக்க வேண்டும் என்று அந்தோனியாரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

மூன்று தடவை அவள் இல்லை என்று எழுதியிருந்தாள். அந்த மூன்றும் அவளறிய உண்மை. நாலாவது அப்படி இருக்காது. பத்து மீற்றருக்கு முன்னால் நின்று கையை நீட்டும்போது, வாய் சொல்லாததையெல்லாம் கை சொல்லிவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரவலைக் கீழே வைக்க நெடுநேரம் எடுத்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"எழுதுங்கோ அண்ணை. எண்ணெய் எண்டே எழுதுங்கோ."

அழகப்பன் எழுதினார். பிறகு அவளுடைய பிஸ்டலைப் பிரித்துத் துடைக்கத் தொடங்கினார். மதியம் தாண்டியும் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியபடியே கிடந்தது. பூட்டி முடித்துச் சுட்டபோது சத்தம் 'டப்' என்று வந்தது. இன்னொன்று, டப். அவள் மூச்சு விட்டாள். அவர் பிஸ்டலைச் சற்று நேரம் ஆறவிட்டு மறுபடி சுட்டார். பொச்.

"வால்வுக்குள்ள இருக்கிற சீல் எண்ணெயில ஊறிப்போச்சு. அது ஜெர்மனியிலதான் மாத்தணும். ஆறவிட்டா அடுத்த குண்டு கீழே விழும். நிறுத்தாம சுட்டா சரியா போகும். நீங்க எப்படி, வேகமா சுடுவீங்களா?"

பிறின்சி தலையாட்டினாள், இல்லை என்று. கிளப்பிலேயே மிக மெதுவாகச் சுடுகிறவள் அவள்தான். உயர்த்திய கையை மனம் கேட்காமல் இறக்கி, கண்ணை மூடி, எங்கெங்கோ போய், திரும்பி வந்து சுடுகிறவள்.

"சனிக்கிழமைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது தங்கச்சி" என்றார் அவர்.

கிங்ஸ்பரியில் திரும்பும் ரயில் ஏறினார்கள். ரயில் நிரம்பி வழிந்தது. பெட்டி இப்போது அம்மாவின் மடியில் இருந்தது. எப்போது கைமாறியது என்று பிறின்சிக்கு நினைவில்லை. வெம்ப்ளி தாண்டியதும் பியற்றிஸ் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"இரவல் எங்கை?"

"வேண்டேல்லை."

பியற்றிஸ் கண்களை மூடித் திறந்தாள். எதற்காகவோ நன்றி சொல்ல வாயெடுத்து, அதற்கு உரிமையில்லை என்று கண்டவள் போல நிறுத்தினாள்.

"அப்ப சனிக்கிழமை?"

"இதோடைதான். வேகமாச் சுட வேணும். எனக்கு அது வராது. நாளைக்கு ஒரு நாள்தான் கிடக்கு."

ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது. எதிர்க் கண்ணாடியில் இரண்டு பேர் பெட்டியொன்றைக் காவல் காத்துக்கொண்டு இருந்தார்கள். பிறின்சி வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து அம்மாவின் முன்னால் பிடித்தாள்.

"கைக்கே பூசுங்கோ. இனி வழுக்கினால் வழுக்கட்டும்."

பியற்றிஸ் கைப்பையைக் கிளறி அந்தச் சின்னப் போத்தலை எடுத்தாள். விளக்குக்கு நேரே பிடித்து, கவிழ்த்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுது பிள்ளை" என்றாள் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தபடி. "எல்லாம் இதுக்குள்ளைதான் விட்டிட்டன்."

பிறின்சிக்குச் சிரிப்பு வந்தது. அவள் கையை இழுக்கவில்லை. அம்மா காய்ந்த கட்டைவிரலால் அந்த உள்ளங்கையில் சிலுவை போட்டாள், ஒரு தரம், பிறகு நிறுத்தாமல் அடுத்தது, அடுத்தது, இடையில் ஆறவிடாமல்.